முதலில் எது?
தன்னார்வக் கணினித் தமிழ்ப் பணியில் எழுந்த கருத்து வேறுபாடுகள்

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு பாய்ந்துவரும் கலசப்பாக்கம் வட்டாரத்தார்க்கு ஏரிப் பாசனம் புதியதன்று. ஏரியைக் குடிமராமத்துச் செய்ய ஊரார் கூடும்பொழுது, 'செய்ய வேண்டுமா?' என்ற வினாவில் வழக்கு எழுவதில்லை. 'முதலில் எதனைச் செய்வது?' என்பதிலேயே எழும். தலைமடை நிலத்தார் மதகைச் செப்பனிடச் சொல்வர். கடைமடை நிலத்தார் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்வர். இருசாரார் கூற்றும் மெய்யே. கூலிக்கு ஆள் வைத்தவர் ஆணையிட்டு முடித்துவிடலாம். விரும்பிக் கூடியோரிடம் ஆணை செல்லாது, இசைவே செல்லும்.

கணினி உலகிலும் இத்தகைய கூட்டுப்பணி உண்டு. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் வழியே கட்டற்ற மென்பொருள் இயக்கம் உருப்பெற்றது. இத்தகைய மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இதனை ஆக்குவோருள் பலர் ஊதியம் கருதாத் தொண்டர்கள். அவர்களிடையே எழும் பூசல்களுள் பெரும்பாலன 'எது சரி?' என்பதைவிட 'எது முந்தியது?' என்பதைப் பற்றியனவாகவே இருக்கக் காண்கிறோம். தமிழிலேயே இதற்குத் தக்க சான்று உள்ளது.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளையொட்டி 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் இதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாக வழங்கினர். சங்க நூல்கள் முதல் உமறுப் புலவரின் சீறாப்புராணம் வரை பல்சமய இலக்கியங்களும் இத்தொகுப்பில் இடம்பெற்றன.

ஆயின் நூலை எந்தக் குறியேற்றத்தில் பதிவது? கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். எந்த எழுத்திற்கு எந்த எண் என்னும் உடன்பாடே குறியேற்றம் ஆகும். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் எண் வரிசையைக் கொண்டிருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும்.

இதற்குத் தீர்வாக ஆர்வலர்கள் கூடி 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். மொத்தமுள்ள 256 இடங்களில் முதல் 128 உரோமன் எழுத்துகளுக்கும், எஞ்சியவை தமிழுக்கும் ஒதுக்கப்பட்டன. அன்றைய எளிய கணினிகளிலேயே இது உடனடியாக இயங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் வேறிரு குறியேற்றங்களை ஏற்றது. இவற்றிற்கு முன்பே, 1991இல் வெளியான ஒருங்குறியில் உலக மொழிகள் பலவற்றோடு தமிழும் இடம்பெற்றிருந்தது.

இங்கேதான் முதன்மை பற்றிய வழக்கு எழுந்தது. "படிப்பவர் கையிலுள்ள கணினியில் இன்றே தெரிய வேண்டும்" என்பது ஒரு சாராரின் நிலை. விண்டோஸ் 98 வரையிலான கணினிகளில் தமிழ் ஒருங்குறிக்கு உரிய ஏற்பாடு இல்லை. விண்டோஸ் 2000இல்தான் அது வந்தது. "நாளைக்கும் நிலைக்க வேண்டும், தேடவும் அகரவரிசைப்படுத்தவும் ஏற்றதாக வேண்டும்" என்பது மறுசாராரின் நிலை. திஸ்கியில் 'கெ' என்பதற்கு முதலில் கொம்பும் பின்னர்க் ககரமும் பதியும். கண்ணுக்குத் தோன்றும் வரிசை அது. ஒருங்குறியில் ககரம் முன்னும் எகரக் குறி பின்னும் பதியும். ஒலிக்கும் வரிசை அது. முன்னது காட்டுவதற்கு எளிது. பின்னது ஆராய்வதற்கு எளிது.

ஆழ்ந்து நோக்கின், இருசாராரும் இருவேறு பயனாளரை மனத்திற் கொண்டே வாதிட்டனர் என்பது புலனாகும். முன்னவர் பழைய கணினியின் முன் அமர்ந்த வாசகரை எண்ணினர். பின்னவர் இனி வரப்போகும் ஆய்வாளரை எண்ணினர்.

மதுரைத் திட்டம் காத்திருக்கவில்லை. திஸ்கியில் நூல்களை வெளியிட்டது; காலம் கனிந்தபின் ஒருங்குறியிலும் வழங்கியது. திஸ்கியின் எண் அட்டவணை அனைவருக்கும் வெளிப்படையாக இருந்தமையால், பழைய பதிவுகளை மாற்றுநிரல் கொண்டு ஒருங்குறிக்குப் பெயர்க்க முடிந்தது. மீண்டும் தட்டச்சிடும் தேவை எழவில்லை. தொண்டர்களின் உழைப்பு வீண்போகவில்லை. அட்டவணை வெளியிடப்படாத தனியார் எழுத்துருவில் பதிந்தவற்றை இவ்வாறு மீட்பது அரிது.

விசைப்பலகையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. உரோமன் ஒலிப்பு வழியே தட்டுவோர் ஒருபுறம். தமிழ்99 முறையினர் மறுபுறம். 'தமிழா' குழுவினரின் இ-கலப்பை மென்பொருள் இருமுறைகளுக்கும் இடமளித்தது. இரண்டையும் ஏற்கக்கூடிய இடத்தில் ஒன்றை விலக்குவானேன்?

எல்லா வழக்கும் இங்ஙனம் எளிதில் முடிவதில்லை. குனூ திட்டத்தின் ஜி.சி.சி. என்னும் நிரல்பெயர்ப்பியில், நிலைப்பாடு முந்தியதா, புதிய வசதி முந்தியதா என்ற கருத்து வேறுபாடு முற்றி, 1997இல் ஒரு குழு பிரிந்து சென்றது. மூல நிரல் அனைவர்க்கும் பொதுவாதலின் அப்பிரிவு அழிவாகவில்லை. பிரிந்தவர் ஆக்கம் சிறந்து விளங்கவே, 1999இல் அதுவே அதிகாரப்பூர்வ ஜி.சி.சி.யாக ஏற்கப்பட்டது. பிரிவதற்கு உரிமை இருந்தமையால் மீண்டும் சேர்வதற்கும் வழி இருந்தது.

இவற்றால் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, எதிர்க்கருத்து உடையவர் எந்தப் பயனாளரை எண்ணிப் பேசுகிறார் என்று வினவ வேண்டும். இரண்டாவது, இன்று எடுக்கும் முடிவை நாளை மாற்ற இயலுமாறு விதிகளை வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது, மாற்றக்கூடிய முடிவில் நெடுநாள் தயங்காமலும், மாற்ற முடியாத முடிவில் விரையாமலும் இருக்க வேண்டும்.

நம் வட்டாரத்து இல்லங்களிலும் பள்ளிவாசல் நூலகங்களிலும் பழைய தமிழ் அச்சு நூல்கள் தாள் நொறுங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பதிய முன்வரும் மாணவரிடையே, 'முதலில் படமெடுப்பதா, தட்டச்சிடுவதா?' என்ற வினா எழுதல் இயல்பே. தட்டச்சுப் பிழையைப் பின்னர்த் திருத்தலாம். உதிர்ந்த ஏட்டைத் திரும்பப் பெற இயலாது. ஆதலின் படமெடுத்தலே முந்துக. தட்டச்சு அதனைத் தொடர்க.