ஒரே நாள், 24 எபிசோடு! த்ரில்லர் சீசன் தூக்கத்தைக் கெடுப்பது எப்படி, தெரியுமா?

குன்னூரில் அடைமழை பிடித்து, மூட்டம் ஜன்னல்வரை வந்துவிட்டால் வேறு என்ன செய்வது? சூடாக டீ, கூட நாலு வர்க்கி, ஒரு த்ரில்லர் சீசன்! ஆனால் சில சீசன்கள் மட்டும் விடிய விடிய நம்மை உட்கார வைக்கின்றனவே, எப்படி? துப்பாக்கியாலா? வெடிகுண்டாலா? அதெல்லாம் எல்லாத் தொடரிலும் இருக்கிறதே!

192 எபிசோடு ஓடிய ஒரு கதையில் எத்தனை நாள் கடந்திருக்கும்? ஒரு வருஷம்? ஒரு மாதம்? வெறும் 8 நாள்! அமெரிக்காவின் '24' தொடர்தான் அது. 2001 நவம்பர் 6-ல் தொடங்கி 8 சீசன். ஒரு எபிசோடு ஒரு மணி நேரம், ஒரு சீசன் ஒரே நாள்! விளம்பர இடைவேளையிலும் கதையின் கடிகாரம் நிற்காது. நீங்கள் டீ போட எழுந்து போனாலும் அங்கே நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்!

கதையில் ஒரு நாள், ஷூட்டிங் மாதக்கணக்கில்! காலையில் இருந்த முடி ராத்திரிக்குள் ரெண்டு அங்குலம் வளர்ந்திருந்தால் குட்டு உடைந்துவிடாதா? அதனால் நடிகர்கள் சில நாளுக்கு ஒருமுறை முடி வெட்டிக்கொண்டே இருந்தார்களாம்! ஒரே மாதிரி சட்டை வேறு அடுக்கடுக்காக வேண்டும்!

திரையில் அந்தக் கடிகாரம் சத்தம் போட்டுத்தான் ஓடும். முக்கியமான ஒருவர் இறந்தால் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நகரும். முதன்முதலில் அப்படி ஓடியது யாருக்காகத் தெரியுமா? நாள் முழுக்க யாரைக் காப்பாற்ற நாயகன் ஜாக் பாவர் ஓடினாரோ, அந்த மனைவிக்காக! 2002-ல் முதல் சீசனின் கடைசி நொடிகள். கடமையில் ஜெயித்து வீட்டில் தோற்ற நாயகன்! இன்றைக்குப் பார்த்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

ஐந்தாவது சீசன் இன்னும் ஒரு படி மேல்! நாலு சீசனாகப் பார்த்துப் பழகிய முன்னாள் அதிபர் டேவிட் பாமர், முதல் சில நிமிடங்களிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். உட்கார்ந்து நிமிரக்கூட விடவில்லை! 2006-ல் சிறந்த டிராமா தொடருக்கான எம்மி விருது அந்த சீசனுக்குத்தான். ஜாக் பாவராக நடித்த கீஃபர் சதர்லாந்துக்குச் சிறந்த நடிகர் விருதும் சேர்ந்தது.

அதே தொடரின் எட்டாவது சீசனில் ஒரு நாட்டின் அதிபராக வந்தவர் யார்? நம்ம அனில் கபூர்! மனுஷர் சும்மா திரும்பி வரவில்லை. 2013-ல் கலர்ஸ் டி.வி.யில் இந்தி '24', நாயகனும் அவரே!

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோமா? இந்தித் தொடரான 'தி ஃபேமிலி மேன்' இரண்டாவது சீசன். 2021 ஜூன் 4, மொத்தம் 9 எபிசோடு, கதையின் பெரும்பகுதி சென்னையில்! உளவுத்துறை நாயகன் ஸ்ரீகாந்த் திவாரி சீசன் தொடங்கும்போது என்ன செய்கிறார்? ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்து, தன்னைவிடச் சின்ன வயது மேலதிகாரியிடம் பாட்டு வாங்குகிறார்! ராஜியாக வரும் சமந்தாவோ மில் தொழிலாளி. தலை குனிந்து வேலை, பஸ் பயணம், மேற்பார்வையாளரின் தொல்லை. முகத்தில் ஒரு அசைவும் இல்லை, ஒரு பதிலும் இல்லை. கை நீளும்போதுதான் அவள் யாரென்று தெரிகிறது: ஈழப் போராளி! நமக்குக் குலை நடுங்குகிறது! அத்தனை நேரம் அந்த மௌனத்தைப் பிடித்துவைத்தார்களே, அதுதான் கெட்டிக்காரத்தனம். சண்டைக்காட்சி அதற்கு அப்புறம்தான்!

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். ஈழத் தமிழரைக் காட்டிய விதத்துக்காக, தொடர் வெளிவரும் முன்பே அதைத் தடைசெய்யக் கோரி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது தமிழக அரசு! எங்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர் குடும்பங்கள் நீலகிரித் தோட்டங்களில் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுக்கப் பிறந்த அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தலைமையகம் குன்னூரில்தான்! அவர்கள் போராளிகள் அல்ல, கொழுந்து பறித்து வாழ்ந்தவர்கள். அந்தச் சனங்களோடு ஒரே தெருவில் இருந்துகொண்டு பார்த்தால், விறுவிறுப்புக்காக ஒரு மக்களின் துயரத்தை இவ்வளவு சுருக்கியிருக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. இந்த ஒரு குறைதான் அந்த சீசனை முழுமையாகக் கொண்டாட விடாமல் தடுக்கிறது.

அதே சீசனில் சில நிமிடங்களே வந்து நாட்டையே கலக்கியவர் யார்? செல்லம் சார்! போன் போட்டால் எந்தக் கேள்விக்கும் பதில்! நடித்த உதய் மகேஷ் தமிழ்ப் படங்கள் இயக்கியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கட் தெரியாமல் ஒரே மூச்சில் எடுத்த காட்சி எவ்வளவு நேரம் போகும்? 2014-ல் 'ட்ரூ டிடெக்டிவ்' தொடரின் 6 நிமிட ஷாட்டைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது! 'ஃபேமிலி மேன்' முதல் சீசனின் ஆஸ்பத்திரிக் காட்சியோ 10 நிமிடத்தையும் தாண்டுகிறது! கேமரா தாழ்வாரம் தாழ்வாரமாக ஓடுகிறது, நமக்கு மூச்சு வாங்குகிறது!

ஒரே கொலையை 'நான்தான் செய்தேன்' என்று பல பெண்கள் தனித்தனி காவல் நிலையங்களில் சரணடைந்தால் போலீஸ் என்ன செய்யும்? 2025-ல் வந்த 'சுழல்' தமிழ்த் தொடரின் இரண்டாவது சீசன் இப்படித்தான் நம்மைச் சுழற்றுகிறது! 2022-ன் முதல் சீசன் மயானக் கொள்ளைத் திருவிழாவை ஊடாகவே ஓடவிட்டது. 30-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது போய்ச் சேர்ந்தது! அங்காளம்மன் வேஷமும் பறையும் எங்கெங்கோ இருக்கிறவர்களை மயிர்க்கூச்செறிய வைத்தன. நம் மண்ணை அப்படியே எழுதினால் உலகமே பார்க்கும், இல்லையா? எழுதி உருவாக்கியவர்கள் 'விக்ரம் வேதா' தந்த புஷ்கர்–காயத்ரி, நிஜத்தில் கணவன் மனைவி!

இன்னொரு ஜோடி தெரியுமா? 1990-களில் சன் டி.வி.யில் நாகா இயக்கிய 'மர்ம தேசம்–விடாது கருப்பு'! வாரம் ஒரு நாள்தான், அடுத்த வாரம்வரை ஊரே கருப்பு யாரென்று பேசும். அதில் சேர்ந்து நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிறகு நிஜ வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். அதே தேவதர்ஷினிதான் 'ஃபேமிலி மேன்' இரண்டாவது சீசனில் காவல் அதிகாரி உமையாள்!

இவ்வளவு பார்த்துவிட்டு நம்ம குன்னூரைப் பாருங்கள்! அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி. 1907-லிருந்து வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்குப் பேர்போன பாஸ்டர் நிலையம். பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இவ்வளவும்! த்ரில்லர் எடுக்க வேறு எந்த ஊருக்கு இந்த வாய்ப்பு?

மலை ரயிலோ கேட்கவே வேண்டாம்! 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம்! கல்லாறிலிருந்து குன்னூர்வரை எஞ்சின் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும்! பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன், கையில் கொடி! 12 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற்றம். பல்சக்கரம் தண்டவாளப் பல்லைக் கவ்விக்கொள்வதால்தான் பின்னால் நழுவாது. நல்ல சீசனில் ஒவ்வொரு எபிசோடின் முடிவும் அந்தப் பல் மாதிரி நம்மைக் கவ்வுகிறது!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏற ஏறத்தாழ 5 மணி நேரம். '24' கணக்கில் போட்டால் என்ன வரும்? ஒரே ரயில், ஒரே காலை, நிற்காத கடிகாரம், கச்சிதமாக 5 எபிசோடு! யாராவது எடுங்களேன்!