எண்ணூர்க் கழிமுக ஊர்கள்

எண்ணூர்க் கழிமுக ஊர்கள் என்பவை, தமிழ்நாட்டில் சென்னைக்கு வடக்கே கொசத்தலை ஆறு வங்காள விரிகுடாவில் கலக்கும் இடத்தைச் சூழ்ந்து அமைந்துள்ள சிற்றூர்களும் மீனவர் குப்பங்களும் ஆகும். வெளியூரார் இவை அனைத்தையும் எண்ணூர் என்ற ஒரே பெயரால் குறிப்பிடுவர். அப்பெயர் பலருக்கும் அனல்மின் நிலையத்தையும் துறைமுகத்தையுமே நினைவூட்டுவதால், ஆற்றையும் கடலையும் நம்பி வாழும் தனித்தனி ஊர்கள் இங்கு உண்டு என்பது கவனத்தில் இருந்து விலகிவிடுகின்றது.

ஆட்சி எல்லை கழிமுகத்தின் ஊடே செல்கின்றது. தென்கரையில் உள்ள எண்ணூர் முன்னர் கத்திவாக்கம் நகராட்சியில் அடங்கியிருந்தது. அந்நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 2018-இல் திருவொற்றியூர் வட்டம் சென்னை மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. வடகரை ஊர்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஒரே நீரில் மீன் பிடிப்போர் இரு மாவட்ட ஆட்சியர்களுக்கு உட்பட்டிருக்கின்றனர்.

ஊர்ப்பெயர்கள்

சங்க இலக்கியத்தில் பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும். கத்திவாக்கம், செப்பாக்கம், புழுதிவாக்கம் ஆகிய பெயர்களில் அச்சொல்லைக் காணலாம். குப்பம் என்பது இக்கரையில் மீனவர் குடியிருப்பின் பெயர். முகத்துவாரக்குப்பம் ஆறு கடலில் சேரும் வாயிலில் உள்ளது. தாழங்குப்பம் கடற்கரைத் தாழையை நினைவூட்டுகின்றது. தெற்கே விம்கோ நகர், தீப்பெட்டி நிறுவனம் ஒன்றின் பெயரால் அமைந்தது. தொழிற்சாலைகள் வந்தபின் ஊர்ப்பெயர் பிறந்த விதத்திற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தென்கரை

நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், சின்னக்குப்பம், பெரியகுப்பம் ஆகியவை கடலை ஒட்டியவை. காட்டுக்குப்பமோ ஆற்றை ஒட்டியது. இவ்வேறுபாடு சிறிதன்று. கடலோரத்தார் படகேறி அலை கடந்து வலை வீசுவர். ஆற்றோரத்தார் கழியில் இறங்கி இறாலும் நண்டும் பிடிப்பர். கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் ஆழமற்ற இடத்தில்தான் இறால் வளரும். எனவே கழிமுகம் தூர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவோர் ஆற்றோரத்தாரே.

இந்நீர்வழியில் மனிதர் கைவைத்தது புதிதன்று. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டப்பட்டது. அது பின்னர் நீட்டிக்கப்பட்டு, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. விறகும் உப்பும் படகில் சென்ற அக்கால்வாய் இன்று இங்குப் போக்குவரத்துக்குப் பயன்படுவதில்லை. 1970-இல் இயங்கத் தொடங்கிய 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது.

வடகரை

எண்ணூர்த் துறைமுகம் எண்ணூரில் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 2001-இல் திறக்கப்பட்டு, 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்ட இது கழிமுகத்திற்கு வடக்கே உள்ளது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் 2013-இல் மற்றொரு துறைமுகம் திறக்கப்பட்டது. அங்கிருந்த மீனவர் குப்பம் இடம்பெயர்க்கப்பட்டது.

வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்குகின்றது. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பல் நீருடன் கலக்கப்பட்டு, குழாய் வழியே சாம்பல் குளத்திற்கு அனுப்பப்படுகின்றது. செப்பாக்கம் இக்குளத்தை ஒட்டிய ஊர். கோடையில் காய்ந்த சாம்பல் காற்றில் எழுந்து வீடுகளில் படிகின்றது. குழாய் உடையும்போது சாம்பல் ஆற்றில் சேர்ந்து படுகையை மேடாக்குகின்றது. முன்பு நீர் நின்ற இடத்தில் இப்போது நடந்து செல்லலாம்.

அண்மையில் உள்ள அத்திப்பட்டு, 2001-இல் வெளிவந்த சிட்டிசன் திரைப்படத்தில் வரைபடத்திலிருந்தே மறைந்துபோகும் அத்திப்பட்டியோடு குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு. படத்து ஊர் கற்பனை. இவ்வூர் தொடர்வண்டி நிலையத்துடன் இன்றும் உள்ளது.

வரைபடச் சிக்கல்

வரைபடத்திலிருந்து மறைந்தது ஊரன்று, நீர் என்பதே இங்குள்ள மீனவர்களின் முறையீடு. 1996-இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த கடலோர மேலாண்மை வரைபடம், ஏறத்தாழ 6,500 ஏக்கரைப் பாதுகாக்கப்பட்ட கழிமுக நீர்ப்பரப்பாகக் காட்டியது. பிந்தைய வரைபடத்தில் இப்பரப்பு விடப்பட்டுள்ளது என மீனவர்களும் சூழலியலாளர்களும் 2017-இல் குற்றஞ்சாட்டினர். வரைபடத்தில் நீர் என்றிருந்தால் அதை நிரப்பிக் கட்டடம் எழுப்பச் சட்டம் தடையாக நிற்கும். நிலம் என்றிருந்தால் அத்தடை தளர்ந்துவிடும்.

2023 திசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியது. காட்டுக்குப்பம் உள்ளிட்ட ஊர்களில் படகுகளும் வலைகளும் எண்ணெய் படிந்து பயனற்றுப் போயின. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் இருளில் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.