அயலூர் இயற்கை – 9: இரண்டு விநாடி இடைவெளி

ஜூன் பிற்பாதியில் நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் இருட்டுவதற்கு ஒன்பது மணியாகிவிடும். அதற்குச் சற்று முன், வீட்டுக் கொல்லைப் புல்வெளிகளில் மின்மினிகள் கிளம்பும். மஞ்சள் பொட்டு ஒன்று தாழ இறங்கி, எரிந்தபடியே மேலேறி அணையும். ஆங்கில 'ஜே' வடிவில் ஒரு கீற்று. ஐந்தாறு விநாடி கழித்து, சில அடி தள்ளி இன்னொரு 'ஜே'.

பார்த்து மகிழ இது போதுமே, ரசாயனம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்தக் கீற்று ஒரு கேள்வி என்று தெரிந்த பிறகுதான் அதை நான் முழுதாகப் பார்க்கவே தொடங்கினேன்.

'ஜே' எழுதிக்கொண்டு பறப்பது ஃபோட்டினஸ் பைராலிஸ் என்ற இனத்தின் ஆண். பெண், புல்லில் உட்கார்ந்திருக்கும். ஆணின் கீற்று பிடித்துப்போனால், சுமார் இரண்டு விநாடி பொறுத்து ஒருமுறை மினுக்கும். அந்த இடைவெளிதான் அடையாளம். வேறு இனங்களுக்கு வேறு தாளம். இதே புல்வெளியில் ஃபோட்டூரிஸ் என்னும் வேறொரு வகைப் பெண்ணும் காத்திருக்கும். அது அந்தப் பதிலைப் போலியாக மினுக்கி, நம்பி இறங்கும் ஆணைத் தின்றுவிடும். பசிக்காக மட்டும் அல்ல. அந்த ஆணின் உடலில் உள்ள நஞ்சு, தின்ற பெண்ணைச் சிலந்திகளிடமிருந்து காக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் குழு 1997இல் காட்டியது. காதலும் கொலையும் ஒரே சமிக்ஞையில் நடக்கும் இடம் அந்தப் புல்வெளி. அதை வெறும் அலங்கார விளக்காகப் பார்த்து நகர்வது எத்தனை பெரிய இழப்பு!

இந்த ஒளியின் வரலாற்றில் ஒரு பெரும் பங்கு நமக்குப் பக்கத்து ஊரான பிரின்ஸ்டனுடையது. அங்கே பேராசிரியராக இருந்த நியூட்டன் ஹார்வி, உயிர்கள் உமிழும் ஒளிக்கே தன் வாழ்நாளைக் கொடுத்தவர். அவருடைய மாணவர் வில்லியம் மெக்எல்ராய், பால்டிமோர் சிறுவர்கள் காசுக்குப் பிடித்துக் கொடுத்த மின்மினிகளை வைத்து ஆராய்ந்து, 1947இல் முக்கியமான ஒன்றைக் கண்டார். லூசிஃபெரின் என்ற வேதிப்பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதி, ஆக்சிஜன் ஆகியவற்றோடு ஏடிபியும் இருந்தால்தான் அந்த ஒளி பிறக்கும். நம் தசைகள் அசையச் செலவாகும் அதே ஏடிபி! மின்மினியைச் சுட்டிக்காட்ட நீளும் குழந்தையின் விரலையும் அந்த மின்மினியின் வெளிச்சத்தையும் இயக்குவது ஒரே மூலக்கூறு. இதை அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

தமிழ்நாட்டில், நம் ஆனைமலைக் காட்டிலோ மின்மினிகள் கூட்டமாக, ஒரே நேரத்தில் மினுக்கும். தன் சொந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள அந்தக் காட்டில் ஒளிப்படக் கலைஞர் ஸ்ரீராம் முரளி எடுத்த படத்துக்கு, 2023இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், முதுகெலும்பில்லா உயிர்களின் நடத்தைப் பிரிவில் பரிசு கிடைத்தது. ஒவ்வொன்றும் 19 விநாடி நீளும் 50 பதிவுகளை இணைத்து அவர் உருவாக்கிய படம் அது. அதற்கு முன் அவர் ஒளி மாசு பற்றிப் படம் எடுத்தவர் என்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். இருட்டு இல்லாத இடத்தில் மின்மினி தன் துணையின் பதிலைக் காண முடியாது.

ஆகவே மான்மவுத் ஜங்ஷன்வாசிகளுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஜூன், ஜூலை இரவுகளில் வாசல் விளக்கையும் கொல்லை விளக்கையும் அணைத்து வையுங்கள். இலையுதிர்காலச் சருகை ஒரு மூலையிலாவது வாராமல் விடுங்கள். மின்மினியின் புழுக்கள் ஓராண்டு, ஈராண்டு மண்ணிலும் சருகிலும் மண்புழுவையும் நத்தையையும் தின்று வளர்கின்றன. நாம் காணும் வெளிச்சம் மின்மினி வாழ்வின் கடைசிச் சில வாரங்கள்தான்.

பிள்ளைகளிடம் சின்ன டார்ச் ஒன்றைக் கொடுங்கள். 'ஜே' தெரிந்ததும் மனத்துக்குள் இரண்டு எண்ணி, தரையை ஒட்டி டார்ச்சைச் சட்டென்று போட்டு அணைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும். ஆண் மின்மினி திரும்பி அவர்களை நோக்கி வர வாய்ப்புண்டு. வந்தால் இரண்டொரு முறையோடு நிறுத்திவிடுங்கள். தேடி வந்தவனுக்கு உண்மையான துணை பக்கத்துப் புல்லிலேயே இருக்கலாம்.