ஸ்விட்ச் பிளேட் ஏன் சுவரோட ஒட்ட மாட்டேங்குது?

இன்னைக்கு ரொம்ப சின்ன விஷயம். பூச்சு வேலை முடிஞ்சு, பெயின்ட் அடிச்சு, வீடு பளபளன்னு இருக்கும். ஆனா ஸ்விட்ச் பிளேட் மட்டும் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும், இல்லைன்னா அமுக்கும்போதெல்லாம் ஆடும். "ஸ்க்ரூவை நல்லா இறுக்கினா சரியாயிடும்"னு ஒருத்தர் சொல்வார். சரியாகாது. ஏன்னு பார்ப்போம்.

மாடுலர் ஸ்விட்ச்ல மூணு அடுக்கு இருக்கு. சுவருக்குள்ள புதைஞ்ச பாக்ஸ், அதுல ஸ்க்ரூ போட்டு மாட்டுற ஃபிரேம், அதுமேல கிளிக்னு உக்கார்ற பிளேட். ஃபிரேமோட ஓரம் சுவர்மேல படிஞ்சு நிக்கணும். பின்னாடி தாங்க எதுவும் இல்லாம ஸ்க்ரூவை இறுக்கினா ஃபிரேம் உள்பக்கமா வளையும். வளைஞ்ச ஃபிரேம்ல பிளேட் பிடிக்காது.

பிரச்சினை ஆரம்பிக்கிறது பூச்சுக்கு முன்னாடியே. உள்சுவர் பூச்சு வழக்கமா 12 மி.மீ. இருக்கும்னு கணக்கு வெச்சு எலக்ட்ரீஷியன் பாக்ஸைப் பதிச்சிடுவார். செங்கல் சுவர் நேரா இல்லைன்னா, கொத்தனார் மட்டம் பார்த்து அந்த இடத்துல 20 மி.மீ. பூசிடுவார். 8 மி.மீ. உள்ள போயிடுச்சு.

கை வைக்கிறதுக்கு முன்னாடி, மெயினை அணைச்சா போதும்னு நினைக்காதீங்க. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா, மெயின் அணைஞ்சதும் அது லைட்டுக்கும் ஃபேனுக்கும் கரன்ட் கொடுக்க ஆரம்பிச்சிடும். ரெண்டையும் அணைங்க. டெஸ்டரை முதல்ல கரன்ட் இருக்கிற பாயின்ட்ல வெச்சு அது எரியுதான்னு பார்த்துட்டு, அப்புறம் அணைங்க. அணைச்ச பிறகு வயர்ல வெச்சும் பாருங்க.

இப்போ பிளேட்டையும் ஃபிரேமையும் கழட்டி, ஓட்டைக்குக் குறுக்கே ஒரு ஸ்கேல் வெச்சு, பாக்ஸ் விளிம்பு எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு அளங்க.

கொஞ்சம் உள்ள இருந்தா சுலபம். பழைய ஸ்க்ரூவைக் கடைக்கு எடுத்துட்டுப் போய், அதே மரையில நீளமானதா வாங்குங்க. சின்ன பிளாஸ்டிக் குழாயை அந்த ஆழத்துக்குச் சமமா வெட்டி, ஃபிரேமுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல ஸ்க்ரூவில கோர்த்துடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே உயரம் இருக்கணும். இனி எவ்வளவு இறுக்கினாலும் ஃபிரேம் சுவர் மட்டத்துலயே நிக்கும். ஸ்க்ரூ ரொம்ப நீளமா இருந்தா பின்னாடி வயரைக் குத்தும், அதையும் பார்த்துக்கோங்க.

பாக்ஸ் சரியான மட்டத்துல இருந்தும் பிளேட் ஆடுதா? ஓட்டையைச் சுத்தி பட்டி கட்டியா ஒட்டியிருக்கும். சுரண்டி எடுங்க. பூச்சு உடைஞ்சு பள்ளமா இருந்தா சிமென்ட் கலவை வெச்சு அடைங்க. பட்டி மெல்லிசா தேய்க்கிறதுக்குத்தான், ஆழமான பள்ளத்தைத் தாங்காது. நல்லா காய்ஞ்ச பிறகுதான் ஃபிரேமை மாட்டணும்.

பாக்ஸ் சுவரை விட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா, குறுக்குவழி கிடையாது. உடைச்சு மறுபடி பதிக்கணும். அது எலக்ட்ரீஷியன் வேலை. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட முதல்ல சொல்லிடுங்க.

அழகுக்காக மட்டும் இவ்வளவு பேசலை. அந்த இடைவெளி வழியா எறும்பும் பல்லிக்குட்டியும் உள்ள போகும், குழந்தை விரலை விடும். ஏசி பாயின்ட் மாதிரி அதிக லோடு இழுக்கிற இடத்துல ஃபிரேம் ஆடிக்கிட்டே இருந்தா, பிளக்கைப் பிடுங்குற ஒவ்வொரு தடவையும் பின்னாடி வயர் தளரும். தளர்ந்த இடம் சூடாகும். பிளேட் பழுப்பேறினாலோ கருகல் வாசனை வந்தாலோ, அந்தப் பாயின்ட்டை உடனே நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க.

வீடு இன்னும் கட்டிக்கிட்டு இருக்கீங்களா? பூச்சுக்கு முன்னாடி கொத்தனார் மட்டத்துக்காக சுவத்துல அங்கங்க கொஞ்சம் கலவை அப்பி வைப்பார். அதை வெச்ச பிறகு பாக்ஸைப் பதிக்கச் சொல்லுங்க. கலவை உள்ள போகாம இருக்க, பாக்ஸ்ல பேப்பரைத் திணிச்சு வைங்க. கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் ஒரு அஞ்சு நிமிஷம் சேர்ந்து நின்னு பேசிட்டா, இந்த எபிசோடே உங்களுக்குத் தேவைப்படாது.