படம் பார்க்கப் போன பெண்கள்

யுத்தத்தில் இழந்தவற்றைப் பதிவதற்கு எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறோம். வீடு, வள்ளம், வலை, மாடு, தென்னை எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. உயிரிழப்புக்கும் காணாமல்போனோருக்கும் வேறு படிவங்கள். தியேட்டருக்குப் போய்ப் படம் பார்ப்பதை இழந்தோம் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. எழுதினால் சிரிப்பார்கள்.

ஆனால் தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும் வங்காலையிலும் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் பழைய படங்களைப் பற்றிக் கதை எழுந்தால், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களின் குரலே மாறிவிடுகிறது. கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூட, “பிள்ளை, நான் அந்தப் படத்தை யாழ்ப்பாணத்தில பார்த்தனான்” என்று தொடங்குவார்கள். சில மாதங்களாக இதைக் கேட்டு எழுதி வைத்தேன். நான் 1990களில் வளர்ந்தவள். அவர்கள் பெயர் சொன்ன தியேட்டர்களில் பெரும்பாலானவற்றை நான் பார்த்ததில்லை.

ராணி, ராஜா, மனோகரா, வின்சர், ஸ்ரீதர், லிடோ, ரீகல். கலியாணத்துக்குப் புடவை எடுக்க யாழ்ப்பாணம் போனால், உறவினர் வீட்டில் தங்கி ஒரு படமும் பார்த்துத் திரும்புவதுதான் வழக்கம். இந்தியப் படங்களின் இறக்குமதி 1970களில் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனதால், புதுப்படங்கள் குறைவாகவும் தாமதித்துமே வந்தன. வந்த படம் மாதக்கணக்கில் ஓடும். ஆண்களுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்கவில்லை போலும். இரவு வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்ப் படம் பார்த்துத் திரும்பியவர்களின் கதைகளைக் கரையோரத்தில் இன்றும் சொல்வார்கள். அந்த வள்ளங்களில் பெண்கள் ஏறியதாக ஒரு கதைகூட எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து, வந்தவர் சொல்லக் கேட்டார்கள். பாடல்களை இலங்கை வானொலியில் கேட்டார்கள். ஒருவர் சொன்னார், தன் தமையன் வாயால் கேட்ட படத்தைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, தமையன் சொன்னதுதான் நல்லாயிருந்ததாம்!

எங்கள் கரையே ஒரு தடவை திரைக்குப் போயிருக்கிறது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் நெடுந்தீவைப் பற்றியது. அதை 1978 இல் பிரேம்நாத் மொறாயஸ் படமாக்கியபோது பேசாலைக் கடற்கரையில்தான் படப்பிடிப்பு நடந்தது. நடிகர்களைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் நின்ற சிறுமி ஒருத்தி, இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். மாசிக் கருவாட்டைப் புரட்டியபடியே அதைச் சொன்னார்.

இவர்கள் எவரும் படத்தின் கதையை முழுதாகச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். சொன்னதெல்லாம் வேறு. எந்தச் சேலை உடுத்தோம், யார் யார் போனோம், இடைவேளையில் என்ன வாங்கினோம், பக்கத்தில் இருந்த அறியாத பெண் தன் பிள்ளையை எங்கள் மடியில் வைத்துவிட்டு அழுதாள் என்பவைதான். அந்தக் காலத்தில் கோயில், சந்தை, கிணற்றடி, ஆஸ்பத்திரி தவிர ஒரு பெண் போகக்கூடிய இடம் எது? இந்த நான்கிலும் அவளுக்கு ஒரு வேலை இருக்கும். வேலை எதுவுமில்லாமல் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருக்கக் கிடைத்த ஒரே இடம் தியேட்டர். இருட்டில் அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. படத்துக்கு அழுகிறாள் என்று விட்டுவிடுவார்கள். தாயை இழந்த துக்கத்தை ஒரு சிவாஜி படத்தில்தான் அழுது தீர்த்தேன் என்று வங்காலையில் ஒருவர் சொன்னார். செத்த வீட்டில் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றவே அவருக்கு நேரம் சரியாயிருந்ததாம்.

கட்டடங்கள் இடிய முன்னரே பெண்களுக்குத் தியேட்டர் மூடிவிட்டது. குண்டுக்கு முதல் வந்தது ஊரடங்கு. இரவுக் காட்சி நின்றது, பிறகு மாலைக் காட்சி. சனம் கூடும் இடத்தில் எது நடக்குமோ என்ற பயத்தில் குமர்ப்பிள்ளைகளை முதலில் மறித்தார்கள், பிறகு தாய்மாரை. ஆண்கள் இன்னும் சில காலம் போய்வந்தார்கள்.

கொழும்பில் 1983 ஜூலையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கொம்பனித்தெருவில் தமிழர் ஒருவர் 1965 இல் திறந்த றியோ தியேட்டருக்கும், அதே வளவில் இருந்த ஹோட்டலுக்கும் தீ வைத்தார்கள். ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. அதோடு பல படங்களின் மூலப் பிரதிகளும் போயின. 1990 இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில், அதன் அருகே இருந்த ரீகல் அழிந்தது. இன்னொரு தியேட்டர் பிற்காலத்தில் ஒரு கட்சியின் அலுவலகமாயிற்று. அதே 1990 இல் மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டு, தீவு தனித்துப்போனது. ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் ஏனைய ஊர்களிலிருந்தும் முஸ்லிம் சகோதரிகள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனார்கள். மற்றவர்கள் மடுவுக்கும், வள்ளமேறி இராமேஸ்வரத்துக்கும் போனார்கள்.

மண்டபம் முகாமில் இருந்தவர்களுக்கு மட்டும் தமிழ்நாட்டின் டூரிங் டாக்கீஸ் கிடைத்தது. கீற்றுக் கொட்டகை, மணல் தரை. முன்னால் இருப்பவர் மறைத்தால் மணலைக் குவித்து மேலே ஏறி இருக்கலாம். இராமேஸ்வரம் போய்ப் படம் பார்க்க ஆசைப்பட்டவர்கள் கடைசியில் அகதியாய்ப் போய்ப் பார்த்தோம் என்று சொல்லி ஒரு அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே இருந்தவர்களுக்கு மின்சாரமில்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் வாடகை டெக்கில் பார்த்த மினி சினிமா, கொடைக்கானலிலிருந்து வந்த தூரதர்ஷன், இப்போது வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி, கையில் போன். படத்துக்குக் குறைவில்லைதானே என்று கேட்கலாம். வீட்டில் படம் ஓடும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அடுப்படிக்கும் விறாந்தைக்கும் நடுவில் நின்றபடி பாதிப் படம். மிச்சத்தைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் 2013 இல் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டு, கடைத்தொகுதிக்குள்ளேயே தியேட்டர் வந்தது. சங்குப்பிட்டிப் பாலம் 2011 இலேயே திறந்துவிட்டபடியால் மன்னாரிலிருந்து பூநகரி வழியாகப் போய் அன்றே திரும்பலாம். 2018 இல் எங்கள் குழுப் பெண்கள் சீட்டுக்காசில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வான் பேசினார்கள். பதினொரு பேர். வருவதாகச் சொன்னவர்கள் பதினாறு.

வராத ஐவரில் மூவருக்கு வீட்டில் தடை. பணமும் பிள்ளைகளும் அதற்குக் காரணமில்லை. புருஷன் இல்லாதவளுக்கு என்ன படம் என்ற பேச்சுத்தான். மற்ற இருவரின் நிலை அதைவிடக் கடினம். அவர்களின் கணவன்மார் காணாமல்போனவர்கள். கணவனின் படத்தை ஏந்திப் போராட்டத்தில் நிற்பவள் சினிமாவுக்குப் போனாள் என்று தெரிந்தால், அவர் இனி வரமாட்டார் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள் என்று ஊர் எண்ணும். அதிலும் ஒருத்தி ஊருக்குப் பயப்படவில்லை. அப்படி ஒரு எண்ணம் தனக்கே வந்துவிடுமோ என்றுதான் பயந்தாள். இதற்கு எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை. வா என்று நான் வற்புறுத்தவுமில்லை.

போனவர்களில் இருவர் நகரும் படியில் ஏறப் பயந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் படியால் நடந்து வந்தார்கள். உள்ளே குளிர். மண்டபம் சின்னன். கலரி இல்லை, விசில் இல்லை. இதென்ன, வங்கிக்குள் இருக்கிறமாதிரி என்று ஒருவருக்குக் குறை. சோளப்பொரி விலையைக் கேட்டு எல்லாரும் எழும்பி வந்துவிட்டார்கள். படம் அடிதடிப் படம், எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இடைவேளைக்குப் பிறகு கதாநாயகனின் தங்கை சாகிற இடத்தில் எங்கள் வரிசை முழுவதும் மூக்கை உறிஞ்சியது. யார் எதற்கு அழுதார்கள் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் கோட்டைப் பக்கமாக வானை நிறுத்தச் சொல்லி, மூத்தவர் ஒருவர் இறங்கினார். ரீகல் இருந்த இடத்தைத் தேடினார். இதுவா அதுவா என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதம். வான்காரர் அவசரப்படுத்தினார். பூநகரியில் நிறுத்திக் கட்டிவந்த சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டோம்.

கிழமை இரண்டு கழித்து, வராமல் நின்ற ஐவரில் ஒருத்தி சங்கக் கட்டடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். படம் எப்படி என்று கேட்டாள். சொன்னேன். இடையில் மறித்து, தங்கச்சி சாகிற இடத்தைத் திரும்பச் சொல்லு என்றாள். பிறகு, மதியக் காட்சி எத்தனை மணிக்கு முடியும், அந்தியில் வீடு வந்து சேரலாமா என்று விசாரித்தாள்.