லாச்சியில் கிடக்கும் வில்லுக் கத்தி



பெருநாளைக்கு வீடு ஒதுக்கும்போது அலுமாரி லாச்சியின் அடியில் என்னென்னவோ அகப்படும். ஓடாத கைக்கடிகாரம், ஒற்றைக் காதுப்பூ, செல்லாக் காசு. இவற்றோடு துருப்பிடித்து, மடிந்தபடியே ஒரு சின்னக் கத்தியும் கிடக்கலாம். மூத்தவாப்பா காலத்து வில்லுக் கத்தி. பழைய இரும்பு வாங்க வருபவரின் சாக்கில் அதைப் போட்டுவிடுவது சுலபம். அதற்கு முன் சற்றுப் பொறுத்து இதை வாசியுங்கள்.

இந்தக் கத்திகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். முத்திரை, தபால்தலை சேர்ப்பதைப் போல இதுவும் ஒரு பிரியம். ஆனால் நம் வீட்டுக் கத்தியின் கதையைச் சொல்ல நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

பெயரிலேயே இருக்கிறது சூட்சுமம்

வில்லுக் கத்தியில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகுப் பக்கம் ஓர் உருக்குப் பட்டை இருக்கும். அதுதான் வில். அலகின் அடிப்பகுதியை அது எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தால்தான் விரித்த கத்தி விரிந்தபடி நிற்கிறது; மடித்தது மடிந்தபடி கிடக்கிறது. அலகின் அடியையும் வில்லையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்வரை கொல்லர் அரத்தால் ராவுவார். ஒரு மயிரிழை கூடினாலும் கத்தி இறுகிவிடும், குறைந்தால் ஆடும்.

நல்ல கத்தியை அறிவது எப்படி? மெதுவாக விரித்துப் பாருங்கள். அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. விரித்தாலும் மடித்தாலும் வில்லின் முதுகு பிடியோடு சமமாக இருக்க வேண்டும். மடியும்போது 'டக்' என்று தெளிவான ஓசை கேட்க வேண்டும். சேகரிப்பவர்கள் இந்த ஓசையைக் கேட்டே கத்தியை மதிப்பிடுவார்கள்.

ஷெஃபீல்டும் ராம்பூரும்

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் நம் நாட்டுக்குப் பேர்போன கத்திகள் வந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலிருந்து. அங்கே 1624ஆம் ஆண்டிலேயே கத்தித் தொழிலாளருக்குச் சட்டப்படி ஒரு சங்கம் அமைந்துவிட்டது. ஜோசப் ரொட்ஜர்ஸ் என்ற கம்பெனியின் கத்தியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவை அடையாளமும் பொறித்திருக்கும். உங்கள் கத்தியின் அலகடியைத் துடைத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். என்ன எழுத்து, என்ன குறி தெரிகிறதோ அதைக் குறித்து வையுங்கள்.

அந்த நகரில் சிறு பட்டறை வைத்துத் தனியாளாக வேலை செய்த கைவினைஞர்களில் ஸ்டான் ஷோ என்பவர் பெயர் பெற்றவர். பதினான்கு வயதில் தொழிலுக்கு வந்தவர், எண்பது வயதைத் தாண்டியும் தம் கையாலேயே மடக்குக் கத்திகள் செய்தார். அவரிடம் ஒரு கத்திக்குச் சொல்லிவைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2021ஆம் ஆண்டு, 94 வயதில் அவர் காலமானார்.

கைவேலை வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் உள்ள ராம்பூர் முன்பு நவாபுகள் ஆண்ட ஊர். அரபு, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகளுக்குப் புகழ்பெற்ற ரஸா நூலகம் இருப்பதும் அங்கேதான். அங்குள்ள முஸ்லிம் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த மடக்குக் கத்திக்கு 'ராம்பூரி' என்றே பெயர். நம் வில்லுக் கத்தியைப் போலன்றி அதில் விரித்த அலகைப் பிடித்துக்கொள்ளும் பூட்டும் உண்டு. ஹிந்திப் படங்களில் வில்லன்கள் கையில் அதைக் கொடுத்துக் கொடுத்தே அதன் பெயர் கெட்டது! 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்கு அரசு தடை விதித்தது. தொழில் நலிந்தது. பட்டறைகள் பல மூடப்பட்டன. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் அதே ஊரின் சந்தியில் 20 அடி நீளக் கத்தியொன்றைச் சிலையாக நிறுத்தினார்கள். கத்திக்குச் சிலை வந்துவிட்டது. அதைச் செய்யும் கைகள்தான் அருகிவிட்டன.

நம் ஊவாவில்

பதுளைப் பக்கமும் இந்தக் கலைக்கு அந்நியமல்ல. 1815ஆம் ஆண்டுவரை ஊவா கண்டி இராச்சியத்தின் பகுதியாக இருந்தது. கண்டிக் கொல்லர்கள் பித்தளையும் வெள்ளியும் பதித்துச் செய்த கத்திகளும் பாக்குவெட்டிகளும் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் நூதனசாலைகளில் இருக்கின்றன. ஓலையில் எழுதும் எழுத்தாணியை ஒரே உறையில் கத்தியோடு சேர்த்து வைப்பதும் அக்கால வழக்கம். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இவற்றையெல்லாம் விவரித்திருக்கிறார்.

அந்த இராச்சியத்தில் தவளம் என்னும் பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டி உப்பும் துணியும் பாக்கும் கொண்டுசென்றவர்களில் நம் முன்னோர் முக்கியமானவர்கள். பிறகு தேயிலை வந்தது. கவ்வாத்துக் கத்தி வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால்தான் புதுக் கொழுந்து வரும். அந்த வெட்டு ஒரே வீச்சில் விழ வேண்டும். கிளை பிளந்தால் செடி நோய்ப்படும். ஆகவே தோட்டத் தொழிலாளி தன் கத்தியைத் தீட்டுவதில் காட்டும் கவனம் சாதாரணமானதல்ல. வெற்றிலைத் தட்டிலிருந்த பாக்குவெட்டி, தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தி, பையிலிருந்த வில்லுக் கத்தி எல்லாம் உழைத்துச் சாப்பிட்ட கைகளின் துணைகள்.

அச்சம் வந்த நாட்கள்

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் வந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பாவி உயிர்களைப் பறித்த அந்தக் கொடுமையை நாமும் கண்டித்தோம். ஆனால் நம் வீடுகளும் பள்ளிவாசல்களும் சோதனையிடப்பட்டன. வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு மே மாத முதல் வாரத்தில் பொலிஸார் பொதுமக்களைக் கேட்டார்கள். அன்றாடத் தேவைக்கான கத்திகள் அதில் சேராது என்று சொல்லப்பட்டபோதும், எது வீட்டுக் கத்தி, எது ஆயுதம் என்று பார்த்துப் பார்த்து மனம் கலங்கியவர்கள் நம் பெண்கள்தான். பாட்டன் கைப்பட்ட பொருளைப் பார்த்து வீட்டுக்காரியே பயப்படும் நிலை எவ்வளவு வேதனையானது!

அந்த அச்சத்துக்கு மருந்து ஒளித்து வைப்பதல்ல. இது என்ன, யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பதே மருந்து.

மார்க்கம் தரும் ஒழுங்கு

தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததை அல்குர்ஆன் கூறுகிறது. அவர்கள் தம் கை உழைப்பிலேயே உண்டார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி. அறுக்கும்போது கத்தியை நன்றாகத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். சகோதரனை நோக்கி இரும்பு ஆயுதத்தை நீட்டுவதைக் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். உருவிய வாளைக் கைமாற்றுவதையும் தடுத்திருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது இதுதான்: கத்தியை மடித்துத்தான் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.

சேகரிப்பதற்கும் எல்லை உண்டு. வீட்டுச் செலவுக்குரிய பணத்தை அதில் கொட்டினால் வீண்விரயம். பிறர் பார்க்கவென்று அடுக்கினால் பெருமை. இருப்பதைப் பேணினாலே போதும்.

எப்படிப் பேணுவது?

பதுளை மழைக்கும் பனிக்கும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். தையல் மெசினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டை அலகு திரும்பும் ஆணியில் விட்டு, ஒரு நாள் விட்டு வையுங்கள். பிறகு மெல்ல விரித்து, அழுக்கைத் துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும், வேண்டாம். அரத்தாளால் பளபளவென்று தேய்த்தால் பழைய முத்திரை அழிந்துவிடும். தோல் உறைக்குள் நெடுநாள் வைத்தாலும் துரு ஏறும். காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பூட்டு இல்லாத கத்தி ஆதலால் அலகின் முதுகை அழுத்தி வேலை செய்யக் கூடாது, விரலில் மடிந்துவிடும். சிறுபிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். விமானப் பயணத்தின்போது கைப்பையில் இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தக் கத்தி யாருடையது, அவர் என்ன தொழில் செய்தார், எந்த ஊரில் வாங்கினார் என்று எழுதி அதோடு வையுங்கள். தெரியாவிட்டால் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் இன்றே கேளுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்றிருந்தால் சொல்ல ஆளிருக்காது. பெயர் தெரியாத கத்தி வெறும் இரும்பு. பெயர் தெரிந்தால் அதைக் கையிலெடுக்கும் பேரப்பிள்ளை அந்த மனிதருக்காக ஒரு துஆ கேட்கும். மௌத்தானவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?