விழிஞ்ஞத்தைத் தேடினால் டாஸ்மேனியா வருவது ஏன்?

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் கடற்பரப்பை இணையத்தில் வரைபடமாகக் காட்ட ஜியோசர்வர் என்ற இலவச மென்பொருளே போதும். சோதனைக் கணினியில் தரவு ஓரிடத்தில் இருக்கும், சர்வரில் வேறிடத்தில். இதற்காக நிரலைத் திருத்துவானேன்? ‘ஜியோசர்வர்_டேட்டா_டிர்’ என்ற சூழல் மாறியில் தரவுக் கோப்புறையின் பாதையை எழுதிவிட்டால், மென்பொருள் கிளம்பும்போதே படித்துக்கொள்ளும்.

பாதையில் ஓர் எழுத்து பிசகினால் வேடிக்கைதான். பதிவேட்டில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, பொதுவாகத் தன்னுடன் வந்த மாதிரித் தரவுக்குத் தாவிவிடும். விழிஞ்ஞத்துக்குப் பதில் அந்த மாதிரியிலுள்ள டாஸ்மேனியாவும் நியூயார்க்கும் பட்டியலில் நிற்கும். பிழையைத் திருத்தினால் மட்டும் போதுமா? போதாது. கிளம்பும் நிரலுக்கு இயங்குதளம் தருவது மாறிகளின் நகலை மட்டுமே. பிறகு வெளியே மாற்றுவது அதற்குத் தெரியாது. ஆகவே திருத்தியதும் ஜியோசர்வரை நிறுத்தி மறுபடி இயக்குங்கள்.